கரியிழைத் தண்டின் வளைவும் முறுக்கமும்

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய நீண்ட குச்சியொன்றுடன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். உதகையில் வேலை பார்க்கிறார். அங்கே கோல்ஃப் பழகுகிறார். புதுச்சேரியில் பிரான்சு நாட்டு உறவு இல்லாத தெரு குறைவு. அவருடைய சித்தப்பா பாரீசிலிருந்து வந்தபோது வாங்கி வந்த பொருள் அது. பிரித்தால், டிரைவர் எனப்படும் கோல்ஃப் மட்டைக்கான கறுப்புத் தண்டு. தலைப்பகுதி இன்னும் பொருத்தப்படவில்லை.

"இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்றாம், சார். இதில் போலியும் விற்கிறார்களாம். நம்ம லேபில் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

கோல்ஃப் நமக்கு அயலான ஆட்டம்தான். நம் ஊர்க்காரருக்குப் பழக்கமானது இரும்புக் குண்டு எறியும் பெத்தாங். ஆயினும் கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் சங்கம் தோன்றிவிட்டது. உதகையிலும் கொடைக்கானலிலும் பழைய திடல்கள் உண்டு. ஆட்டம் எதுவாயினும் தண்டு தண்டுதானே! ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையில் எடை தொங்கவிட்டால் அது வளைசட்டம். பட்டப்படிப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனை அது. பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது. 1880-இல் எடிசன் மூங்கில் நாரைக் கரியாக்கி மின்விளக்கின் இழையாகப் பயன்படுத்தினார். அந்த இழை ஒளி தந்தது, வலிமை தரவில்லை. 1961-இல் ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்பவர், செயற்கைக் கம்பளி நூலுக்குப் பயன்படும் பாலி அக்ரிலோநைட்ரைலைச் சூடாக்கிக் கரியிழை செய்தார். இன்றைய கரியிழைகளில் பெரும்பகுதி அவ்வழியில் வந்தவை. இதன் யங் குணகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23,000 கோடி நியூட்டன். எஃகுக்கு 20,000 கோடி. வேறுபாடு பெரிதில்லை. அடர்த்தியைப் பாருங்கள்: கரியிழை ஒரு கன செ.மீ.க்கு 1.8 கிராம், எஃகு 7.8 கிராம். எஃகுத் தண்டு 120 கிராம் இருக்குமிடத்தில் கரியிழைத் தண்டு 60 கிராமில் முடிந்துவிடுகிறது. 1990-களில் அப்துல் கலாமும் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தாரும், ஏவுகணைக்கென உருவான இத்தகைய இலேசான பொருளைக் கொண்டே, போலியோ பாதித்த குழந்தைகளின் கால் தாங்கிகளின் எடையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

ஆனால் கரியிழைக்கு ஒரு குணம் உண்டு. பிசினில் பதித்த இழைகள் தம் நீளவாக்கில்தான் விறைப்பானவை. குறுக்குவாக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூங்கிலை நீளவாக்கில் எளிதாகப் பிளக்கிறோம், குறுக்கே ஒடிக்கத் திணறுகிறோம் அல்லவா? அதே கதைதான். எனவே தண்டு செய்பவர், பிசின் தோய்த்த இழைத் தாள்களை ஓர் எஃகுக் கம்பியின்மேல் பாய் சுருட்டுவதுபோல் சுற்றும்போது, சில தாள்களின் இழைகளை நேராக வைக்கிறார். அவை வளைவைத் தாங்குகின்றன. வேறு சிலவற்றை இருபுறமும் 45 பாகை சாய்த்து வைக்கிறார். அவை முறுக்கத்தைத் தாங்குகின்றன. பிறகு சூளையில் இறுகவைத்துக் கம்பியை உருவிவிடுகிறார்கள். விலை உயர்ந்த தண்டு என்பது பெரும்பாலும் இந்தத் தாள்களின் தரமும் அடுக்கும்தான்.

தண்டின்மேல் "எஸ்" என்று ஓர் எழுத்து இருந்தது. விறைப்பானது என்று பொருள். "ஆர்" என்றால் நடுத்தரம். இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் ஏதும் இல்லை என்பது வாங்குவோர் பலருக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தின் "எஸ்" இன்னொன்றின் "ஆர்" ஆக இருக்கலாம். எழுத்து அளவு அல்ல, அளந்துதான் ஆகவேண்டும்.

தண்டின் தடித்த முனையை வைஸில் இறுக்கினோம். பிடி நசுக்காமலிருக்க இரு மரக்கட்டைகள் வைத்தோம். மெல்லிய முனையில் மட்டைத் தலைக்கு ஈடாக 200 கிராம் எடை கட்டி, இழுத்து விட்டோம். இத்தகைய தண்டுகள் நிமிடத்துக்கு 250 அலைவுகளை ஒட்டி ஆடுவது வழக்கம். ஒரு வினாடிக்கு நான்குக்கும் மேல்! கண்ணால் எண்ணுவது கடினம். எடையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால் 800 கிராம் கட்டி, நிறுத்து கடிகாரத்தில் 20 அலைவுகளுக்கு நேரம் கண்டோம். பத்து வினாடிக்குச் சற்றுக் குறைவு. கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 வினாடி பிழை வந்தாலே 2 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 5 அலைவு. "ஆர்", "எஸ்" இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே ஏறத்தாழ 10 அலைவுதான். இந்தப் பிழையோடு தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. மாணவர் தம் கைப்பேசியை எடுத்து 200 கிராம் ஆட்டத்தையே மெதுவோட்டப் படமாகப் பிடித்தார். சட்டம் சட்டமாக எண்ணியதில் 255 வந்தது. மும்முறை எடுத்தும் இரண்டுக்கு மேல் மாறவில்லை. விறைப்பு அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதிர்வெண்ணில் 4 விழுக்காடு கூடினால் விறைப்பு 8 விழுக்காடு கூடியதாகக் கொள்ளவேண்டும்.

எனக்குப் பிடித்தது அடுத்த சோதனை. தண்டைக் கீழ்நோக்கி இழுத்து விட்டால் முனை மேலும் கீழும் நேர்கோட்டில்தான் ஆடவேண்டும். தாள்களின் விளிம்புகள் ஒரே பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் அப்பக்கம் விறைப்பு மிகும். அப்போது இரு திசைகளிலும் அதிர்வெண் சற்று வேறுபட்டு, முனை நேர்கோட்டை விட்டு நீள்வட்டம் போடத் தொடங்கும். வகுப்பில் அலைவுகாட்டியில் காட்டும் லிசஜூ உருவங்களேதாம்! தண்டை எப்பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு வளையவேண்டும், இரு திசையிலும் ஒரே அளவு முறுக வேண்டும் என்பது கோல்ஃப் விதிகளிலேயே உள்ளது. முனையில் ஒட்டிய வெள்ளைத் தாள்துண்டைப் பார்த்துக்கொண்டே, தண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி எட்டு நிலைகளில் ஆடவிட்டோம். எட்டிலும் கோடு கோடாகவே நின்றது.

முறுக்கத்துக்கு மெல்லிய முனையில் சிறு சக்கரம் பொருத்தி, இருபுறமும் சமமான எடைகள் தொங்கவிட்டோம். ஒருபுறம் மட்டும் தொங்கவிட்டால் முறுக்கத்தோடு வளைவும் சேர்ந்துவிடும். 1.36 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனுக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பதே இத்துறையின் வழக்கம். அது பழைய ஓர் அடி-பவுண்டு. கோணமானியில் 4 பாகை காட்டியது. தண்டில் அச்சிட்டிருந்தது 3.8. எவ்வளவு நீளத்தைப் பிடித்து அளந்தார்கள் என்று தெரியாதபோது இதைக் குறையாகக் கொள்ளவில்லை.

"அப்படியானால் பந்து அதிக தூரம் போகுமா, சார்?" என்றார். தண்டு வில்லைப்போல் பந்தை எறிகிறது என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ 0.0005 வினாடி. தண்டின் ஓர் அலைவுக்குக் கால் வினாடி ஆகிறது. தண்டு பதில் சொல்வதற்குள் பந்து போய்விடும்! தண்டின் வேலை அதற்கு முன்பே முடிந்தது. 200 கிராம் தலை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் 1.5 மீட்டர் ஆரத்தில் சுழன்றால் மையநோக்கு விசை ஏறத்தாழ 330 நியூட்டன். 34 கிலோகிராம் எடையை ஏந்துவதற்கு ஒப்பாகும். தலையின் ஈர்ப்பு மையம் தண்டின் அச்சில் இல்லாமல் ஒதுங்கியிருப்பதால், இந்த இழுப்பு தண்டை வளைத்து மட்டையின் முகத்தைச் சற்று நிமிர்த்துகிறது. எவ்வளவு நிமிரும் என்பது விறைப்பைப் பொறுத்தது. எவ்வளவு திரும்பும் என்பது முறுக்கத்தைப் பொறுத்தது. பந்து எழும் கோணமும் திசையும் இவற்றால் மாறும். அதற்கு மேல் ஆடுபவரின் கை.

அசலா என்ற கேள்விக்கு வருவோம். இழை எந்த ஆலையில் பிறந்தது என்பதைத் தண்டை அறுத்துப் பார்க்காமல் எங்கள் ஆய்வுக்கூடம் சொல்லாது. வண்ணத்தையும் எழுத்தையும் எவரும் நகலெடுக்கலாம். எடை, அதிர்வெண், முறுக்கம், எத்திசையிலும் ஒரே வளைவு ஆகிய நான்கையும் ஒருங்கே நகலெடுக்க முனைபவர், நல்ல தண்டு செய்பவர் படும் பாடு முழுவதையும் பட்டாகவேண்டும். இதையே அவரிடம் சொன்னேன்.

மறுநாள் மாலை அவர் மீண்டும் வந்தார். கையில் தம்பியின் சிலம்பக் கம்பு! அதே வைஸில், அதே 200 கிராமுடன் மாட்டினோம். மூன்றாவது ஆட்டத்திலேயே முனை நீள்வட்டம் போட ஆரம்பித்துவிட்டது.