53 விநாடி மிச்சமிருந்தது

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் மிக அதிகம் பேசப்பட்ட கோல் எது என்று கேட்டால் மினசோட்டா பல்கலைக்கழக அணியின் ரசிகர்களுக்கு விடை தெரியும். சொல்லத்தான் மனம் வராது. அந்தக் கோல் விழுந்தது அவர்களுடைய வலையில்.

1996 மார்ச் 24. மிஷிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் தேசியப் போட்டியின் காலிறுதி. மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மினசோட்டா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மைக் லெக் என்ற மிஷிகன் மாணவருக்கு வலையின் பின்பக்கம் பக் கிடைத்தது. பக் என்பது மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. வலைக்குப் பின்னால் நிற்பவர் சக ஆட்டக்காரருக்குத் தள்ளிவிடுவார், அல்லது ஓரமாகச் சுற்றி வந்து அடிக்கப் பார்ப்பார். லெக் ஒரு கணம் நின்றார். மட்டையின் அலகைப் பக்கின் மேல் சாய்த்து அழுத்தி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். தோசைக்கல்லிலிருந்து தோசையை எடுக்கும் லாகவம். பக் அலகோடு ஒட்டிக்கொண்டு பனியை விட்டு எழும்பியது. கீழே விழ அவகாசம் தராத வேகத்தில் மட்டையை வீசி, கம்பத்தைச் சுற்றி, வலையைக் காத்த கோலி ஸ்டீவ் டிபஸின் தோளுக்கு மேலே இருந்த மூலையில் அதைச் செருகிவிட்டார். டிபஸைக் குறை சொல்ல முடியாது. பின்னாலிருந்து வரும் பக் தரையோடுதான் வரும் என்று எல்லா கோலிகளையும் போலவே அவரும் கற்றிருந்தார். தாழ்ந்து கம்பத்தைக் காத்து நின்றார்.

மிஷிகன் 4-3 என்று வென்றது. அந்த ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்கே. லெக் பயன்படுத்திய மட்டை டொரன்டோவில் உள்ள ஹாக்கி புகழ் மண்டபத்துக்குப் போயிற்று. அந்த வித்தைக்கே ‘மிஷிகன்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. லெக் அதைக் கண்டுபிடித்தவரல்லர்; பில் ஆம்ஸ்ட்ராங் என்ற தொழில்முறை ஆட்டக்காரரிடம் கற்றுக்கொண்டார். ஆனால் தேசியக் காலிறுதியில் தோற்றுக்கொண்டிருக்கும்போது செய்து பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டியான என்.எச்.எல்.லில் இந்தக் கோல் முதன்முதலில் விழ 23 ஆண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 29 அன்று கரோலைனா அணியின் ஆண்ட்ரே ஸ்வெச்னிகோவ் அதை அடித்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடப் பயிற்சி முடிந்ததும் அதை முயன்று பார்க்கிறார்கள்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வெள்ளைப் பந்தும் நினைவுக்கு வரும். மினசோட்டாவில் ஹாக்கி என்றால் பனித்தரை ஆட்டம் மட்டுமே. ‘ஐஸ்’ என்ற அடைமொழியைக்கூட யாரும் சேர்ப்பதில்லை. ஏரிகள் உறைந்து கிடக்கும் மாநிலம். குழந்தைகள் நடை பழகிய சூட்டோடு சறுக்குக் காலணி மாட்டிக்கொள்ளும் ஊர்கள். பல்கலைக்கழக அரங்கம் ஜான் மரியூச்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மற்றக் கல்லூரிகள் கனடாவிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்த காலத்தில், உள்ளூர்ப் பையன்களை வைத்தே அணி கட்டலாம் என்று பிடிவாதமாக நின்ற பயிற்சியாளர் அவர். அந்தப் பிடிவாதம் அணியின் குணமாகவே ஊறிவிட்டது. அதனால் இங்கே ஒரு கோலைப் பற்றிப் பேசும்போது, அடித்தவன் எந்த ஊர்ப் பையன் என்பதும் பேச்சில் வந்துவிடும்.

தங்கள் அணியின் ஆகச் சிறந்த கோல் எது என்ற வாதத்தில் வயதானவர்கள் முதலில் சொல்வது 1979. டெட்ராய்ட்டில் இறுதி ஆட்டம், எதிரே பரம வைரியான நார்த் டகோட்டா. கனடா எல்லையோரச் சிற்றூரான ரோசோவிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் நீல் ப்ராட்டன், மூன்றாம் கட்டத்தில் பக்கைத் துரத்திக்கொண்டு போய் நிலை தடுமாறி வயிற்றில் விழுந்தார். விழுந்து சறுக்கிக்கொண்டே, நீட்டிய மட்டையால் கோலிக்கு மேலே பக்கைத் தூக்கிவிட்டார். மினசோட்டாவின் நான்காவது கோல் அது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 4-3.

இந்தக் கோலுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருப்பதால் அதன் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. அப்போதைய பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ். மறு ஆண்டு லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வீழ்த்திய அமெரிக்க அணியைக் கட்டியவரும் அவர்தான். அந்த 20 பேரில் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழக அணியில் ஆடியவர்கள், ப்ராட்டனும் ஒருவர். பின்னர் 1981-இல் கல்லூரி ஹாக்கியின் உயரிய விருதான ஹோபி பேக்கர் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. 1995-இல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார். இத்தனை பெருமைகளும் பின்னோக்கி வந்து அந்த 1979 கோலின் மேல் ஒளி பாய்ச்சுகின்றன. என் மனத்தாங்கல் அங்கேதான். கோலை மதிப்பிடும்போது, அடித்தவரின் பிற்கால வாழ்க்கையை நாம் ஏன் சேர்த்து எடைபோட வேண்டும்?

அடுத்த தலைமுறைக்கு பிளேக் வீலர். 2007 மார்ச், செயின்ட் பால் நகரில் லீக் போட்டியின் இறுதி ஆட்டம். மறுபடியும் நார்த் டகோட்டா, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. நெட்டை உருவம் கொண்ட வீலர் முழு உடலையும் பனியில் எறிந்து பாய்ந்து அடித்தார், 3-2. ப்ராட்டனின் கோலைப் பார்த்தவர்களுக்கு அதே காட்சி 28 ஆண்டு கழித்துத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. படமாகப் பார்த்தால் இதைவிட அழகான கோல் மினசோட்டாவுக்கு இல்லை என்றே சொல்வேன். ஆனால் கொண்டாட்டம் பத்து நாள்கூட நீடிக்கவில்லை. தேசியப் போட்டியில் அதே நார்த் டகோட்டா, அதே 3-2, அதே கூடுதல் நேரம். இந்த முறை வீட்டுக்குப் போனது மினசோட்டா.

ஜஸ்டின் ஹாலின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். 2014 ஏப்ரல் 10, பிலடெல்பியா, தேசிய அரையிறுதி, எதிரே யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1-1. ஆட்டம் முடியும் தறுவாயில் மினசோட்டா ஆட்டக்காரர் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருந்தார். ஆள் குறைவாக இருக்கும் அணி அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு கூடுதல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும் என்றுதான் நினைக்கும். ஹால் தற்காப்பு ஆட்டக்காரர். அந்த சீசனில் அதுவரை அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. கடிகாரத்தில் 0.6 விநாடி மிச்சமிருந்தபோது அடித்தார். நார்த் டகோட்டா ஆட்டக்காரர்கள் பனியிலேயே உறைந்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில், யூனியன் என்ற சின்னஞ்சிறு கல்லூரியிடம் மினசோட்டா 7-4 என்று தோற்றது.

கோப்பை கிடைக்காவிட்டால் கோலின் மதிப்பு குறைந்துவிடுமா? ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது இந்த இடத்தில். குறையாது என்பவர்கள், அந்த ஒரு கணத்தில் தாங்கள் அடைந்த பரவசம் பொய்யா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் ஒரு கோல் ஓர் அணியை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் 2002-க்கு வருகிறேன்.

1979-க்குப் பிறகு மினசோட்டாவுக்குக் கோப்பையே இல்லை. 23 ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் நல்ல அணி, நல்ல ஆட்டக்காரர்கள், மார்ச் மாதத்தில் ஏமாற்றம். 1996-இல் லெக் அடித்த கோலும் அந்த நீண்ட ஏமாற்றத்தில் ஒரு துண்டு. 2002 ஏப்ரல் 6 அன்று இறுதி ஆட்டம் தங்கள் சொந்த மாநிலத்தில், செயின்ட் பாலில், 19,000 பேருக்கு மேல் நிரம்பிய அரங்கில் நடந்தது. எதிரே மெய்ன் பல்கலைக்கழகம். அவர்களுடைய பயிற்சியாளர் ஷான் வால்ஷ் அதற்கு முந்தைய செப்டம்பரில் புற்றுநோயால் இறந்திருந்தார். அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டே மெய்ன் மாணவர்கள் இறுதிவரை வந்திருந்தார்கள். அன்று யார் தோற்றாலும் மனம் கனத்திருக்கும்.

மினசோட்டா இரண்டு முறை முன்னேறியது. இரண்டு முறையும் மெய்ன் எட்டிப் பிடித்தது. மூன்றாம் கட்டத்தில் நாலரை நிமிடம் இருக்கும்போது மெய்ன் 3-2 என்று முன்னே போயிற்று. சொந்த ஊர்க் கூட்டம் அடங்கிப்போன நேரம் அது. பயிற்சியாளர் டான் லூசியா கடைசி நிமிடத்தில் தன் கோலி ஆடம் ஹவுசரை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாக ஆறாவது தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கினார். காலியான வலை, எதிரணிக்குப் பக் ஒருமுறை சிக்கினால் கதை முடிந்தது. 53 விநாடி மிச்சமிருந்தபோது மேட் கோல்ஸ்கா அடித்தார். மெய்ன் கோலி மேட் யேட்ஸைத் தாண்டி உள்ளே போயிற்று. 3-3.

கூடுதல் நேரத்தின் 17-ஆவது நிமிடம். எதிராளியை இடறிவிட்டதற்காக மெய்ன் ஆட்டக்காரர் ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் நடுவர் அந்தத் தண்டனையைக் கொடுத்திருக்கக் கூடாது என்று மெய்ன் ரசிகர்கள் ஆற்றாமையோடு சொல்வார்கள். வலைக்கு முன்னால் நெரிசல், திரும்பி வந்த பக், கால்களுக்கும் மட்டைகளுக்கும் நடுவே ஒரு தள்ளல். அவ்வளவுதான். அடித்தவர் கிரான்ட் பொட்டுல்னி. அழகு என்று எதுவும் இல்லாத கோல். 23 ஆண்டு தாகத்தைத் தீர்த்த கோலும் அதுவே.

அந்த அணியில் மினசோட்டாவைச் சேராத ஆட்டக்காரர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பொட்டுல்னி. அவருடைய சொந்த ஊர் கிராண்ட் ஃபோர்க்ஸ். நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். ப்ராட்டனும் வீலரும் ஹாலும் எந்த அணியின் வலையைத் தேடித் தேடி அடித்தார்களோ, அந்த ஊர்ப் பையன் வந்து மினசோட்டாவின் காத்திருப்பை முடித்துவைத்தார். மரியூச்சியின் பிடிவாதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ரசிகர்கள் பொட்டுல்னியை அள்ளி அணைத்துக்கொண்டார்கள். மறுபருவம் அவரே அணித்தலைவர். 2003-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த தாமஸ் வானெக்கின் கோல்களோடு மறுபடியும் கோப்பை.

இந்தப் பெயர்களை வரிசையாக எழுதும்போது ஒன்று தென்படுகிறது. மைக் லெக் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பொட்டுல்னியும் ஆடவில்லை, பின்னாளில் பயிற்சியாளராகிவிட்டார். கோல்ஸ்கா மூன்றே மூன்று ஆட்டம். தொழில்முறை உலகம் இவர்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கல்லூரி ரசிகர்கள் மட்டும் மறக்கவில்லை. நான்கு ஆண்டோ அதற்கும் குறைவாகவோ இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடும் இளைஞர்கள் இவர்கள். அவர்களுக்கு உரியதைக் கொடுக்க இந்த வாதத்தைத் தவிர வேறு இடம் இல்லை. ஆகவே யாராவது இந்தப் பட்டியலைப் பெரிய நட்சத்திரங்களின் பெயர்களால் நிரப்பினால் எனக்குக் கோபமே வருகிறது.

மினசோட்டா அதற்குப் பின் பட்ட அடியையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரல் 8, டாம்பா நகரில் இறுதி ஆட்டம். குவின்னிபியாக் அணிக்கு எதிராக 2-0 என்று முன்னேறியிருந்தார்கள். மூன்று நிமிடம்கூட மிச்சமில்லாதபோது குவின்னிபியாக் தன் கோலியை வெளியே எடுத்துச் சமன் செய்தது. கூடுதல் நேரம் தொடங்கிய பத்தாவது விநாடியில் ஜேக்கப் குவில்லன் அடித்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பத்து விநாடி நினைவிருக்கிறது. சமன் செய்த காலின் கிராஃபின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

சமன் செய்யும் கோலை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை. வெற்றிக் கோல் அடிப்பவர் கோப்பையை எட்டிப் பிடிக்கிறார். தவறினாலும் ஆட்டம் தொடரும். சமன் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் தவறினால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். 2002-இல் 53 விநாடி மிச்சமிருந்தபோது அந்தப் பக் உள்ளே போகாமலிருந்தால், பொட்டுல்னி என்ற பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது.

ப்ராட்டனின் பாய்ச்சலையும் வீலரின் அழகையும் ஹாலின் 0.6 விநாடியையும் வைத்துப் பார்த்துவிட்டே சொல்கிறேன்: மினசோட்டாவின் ஆகச் சிறந்த கோல் செயின்ட் பாலில் பிறந்து, செயின்ட் பாலிலேயே அதை அடித்த மேட் கோல்ஸ்காவுடையது. அந்த ஆட்டத்தின் காணொளியைத் தேடிப் பார்ப்பவர்கள் பொட்டுல்னியின் கோலோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் கட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.