பூட்டிக்கொண்ட மடிக்கணினி



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபொழுது, மடிக்கணினி தோட்டத்து வீடுகளுக்கும் பாடநூலைப் போன்ற தேவையாயிற்று. பலர் பிறர் பயன்படுத்திய கருவியையே சிலிம் ரிவரிலோ ஈப்போவிலோ வாங்கி வந்தனர். அத்தகைய கருவி ஒரு நாள் கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடுவதுண்டு. அது முன்னைய உரிமையாளர் இட்ட சொல்லாக இருக்கலாம். நம் வீட்டுச் சிறுவன் விளையாட்டாய் இட்டு மறந்ததாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் கேட்கும் கடவுச்சொல் வீட்டுக் கதவின் பூட்டு என்றால், இது தோட்டத்து நுழைவாயிலின் பூட்டு ஆகும். மின்விசையை அழுத்தியவுடன் முதலில் இயங்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலே இதைக் கேட்கிறது. ஆதலால் விண்டோஸைப் புதிதாக நிறுவ முயல்வதால் பயனில்லை.

பழைய மேசைக் கணினிகளில் இச்சொல், காசு போன்ற சிறு மின்கலத்தின் துணையால் நினைவில் நின்றது. மின்கலத்தைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்தால் பெரும்பாலும் அழிந்துவிடும். அதனை நம்பி மடிக்கணினியையும் திருப்புளி கொண்டு பிரிப்பார் உளர். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் கடவுச்சொல், மின்சாரம் அற்றாலும் அழியாத சில்லு ஒன்றில் பதிந்துள்ளது. திருடுபோன கருவி திருடனுக்குப் பயன்படலாகாது என்பதே நோக்கம். ஆனால், மறந்துபோன உரிமையாளரும் திருடனும் அச்சில்லுக்கு ஒருவரே!

முதலில், பெரிய எழுத்து விசை அழுத்தப்பட்டுள்ளதா எனப் பார்த்து, நினைவிலுள்ள சொற்களை இட்டுப் பாருங்கள். மும்முறை தவறினால் பல கருவிகள் நின்றுவிடும். அணைத்து மீண்டும் தொடங்கலாம். அதுவும் பலிக்காவிடில் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையமே வழி. இன்டெல் சில்லு கொண்ட ஆப்பிள் கணினியாயின், வாங்கிய மூல ரசீதைக் காட்டினால் திறந்து தருவர். லெனோவோவின் திங்க்பேட் வகையில் மேற்பார்வைக் கடவுச்சொல்லை மறந்தால் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு, ரசீதும் வேண்டும். ஆகவே பழைய கருவி வாங்குவோர், கடையிலேயே பயாஸ் பகுதிக்குள் சென்று பார்த்து, வரிசை எண் எழுதிய ரசீதைக் கேட்டுப் பெறுக. அதனைப் பிறப்புப் பத்திரங்களோடு வைத்தால் தொலையாது.

உள்ளிருக்கும் படங்களும் பாடங்களும் போயினவோ என அஞ்ச வேண்டா. வட்டு தனியே கழற்றத்தக்கதாய், மறையாக்கமோ தனிப்பூட்டோ இன்றி இருப்பின், வேறொரு கணினியில் இணைத்து அவற்றை மீட்கலாம். பள்ளி இரவலாகத் தந்த கருவியாயின் எதையும் பிரிக்காமல், மின்னூட்டியோடு பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்; கடவுச்சொல் அங்கேயே இருக்கக்கூடும்.