ஒட்டகத்தின் மேல் ஏறப் பார்த்தவள்

ஒட்டகம் ஒரு சாண் உயரம்கூட இருக்காது, பிளாஸ்டர் பொம்மை. பேத்திக்கு வயது ஒன்றே முக்கால். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் கிறிஸ்துமஸ் குடில் வேலையை முடித்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவ நான் பின்பக்கம் போயிருந்தேன். அந்த நேரத்தில் அவள் குடிலுக்குள் இறங்கிவிட்டாள். சாக்கில் செய்த மலையை மிதிக்கவில்லை. தட்டில் விதைத்து முளைவிட்டிருந்த நெல்லையும் மிதிக்கவில்லை. நேராக ஒட்டகத்திடம் போய், அதைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தி, காலை அகட்டி, மெல்ல உட்கார்ந்தாள்.

“அப்பா, பிள்ளையப் பாருங்க! ஒட்டகத்துக்க மேல ஏறுதா!” என்று மகள் கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். பேத்தி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்ப்பதுபோல ஒட்டகத்தைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். ஒட்டகம் பிழைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஆட்டுக்குட்டிக்குத்தான் ஒரு காது போயிற்று.

அவள் விளையாடவில்லை என்பதை அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். உண்மையாகவே ஏறப் பார்த்தாள். குழந்தை உளவியலில் இதை அளவுப் பிழை என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய சகாக்கள் இருவரும் 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். 18 மாதத்திலிருந்து 30 மாதம் வரையான 54 குழந்தைகளை ஓர் அறையில் விளையாட விட்டார்கள். அங்கே ஏறிச் சறுக்க ஒரு சறுக்கு, உட்கார ஒரு குட்டி நாற்காலி, உள்ளே ஏறிக் காலால் தள்ளிக்கொண்டு போக ஒரு கார் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைகளை வெளியே கூட்டிப்போய், அதே பொருள்களின் மிகச் சின்ன நகல்களை அங்கே வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரு தடவையாவது அந்தச் சின்னச் சறுக்கில் சறுக்கவோ, சின்ன நாற்காலியில் உட்காரவோ, சின்னக் காருக்குள் காலை நுழைக்கவோ பார்த்தார்கள். அந்தச் சின்னக் கதவுக்குள் பாதத்தைத் திணிக்கப் பார்த்த குழந்தைகளும் உண்டு.

இதில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது கை செய்கிற வேலை. குட்டிக் காரின் கதவைத் திறக்கும்போது குழந்தை இரண்டு விரலைத்தான் குவிக்கிறது. அதாவது, பொருள் சின்னது என்று கைக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குள் ஏறலாமா கூடாதா என்று முடிவெடுக்கிற இடத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பார்வை மூளைக்குள் இரண்டு வழியாகப் போகிறது என்று நரம்பியலாளர்கள் சொல்வதோடு டிலோச் இதை முடிச்சுப் போடுகிறார். ஒரு வழி ‘இது என்ன’ என்று சொல்லும். இன்னொன்று ‘இதை எப்படிப் பிடிப்பது’ என்று சொல்லும். முதல் வழி “ஒட்டகம், ஏறுகிற பொருள்” என்று சொன்னதுமே ஏறுகிற திட்டம் உள்ளே எழுந்துவிடுகிறது. அளவைப் பார்த்து அந்தத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் பிடிப்பு இந்த வயதில் இன்னும் இறுகவில்லை. இரண்டரை வயதுக்கு மேல் இந்தப் பிழை குறைந்துகொண்டே போகிறது.

பாவம், அவள் 800 வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டாள். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் பிரான்சிஸ் அசிசியார் முதல் குடிலை அமைத்தபோது பொம்மைகளே இல்லை. வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். அங்கே போயிருந்தால் ஏறியே இருப்பாள்.

எங்கள் குடிலில் தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கும். நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த பிறகுதான் குழந்தை சுரூபத்தை வைப்போம். அதுவரை அது செய்தித்தாளில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் இருக்கும். இந்த வருடம் பாட்டி அதைப் பிரித்துப் பார்த்துத் துடைத்து, மறுபடி சுற்றி உள்ளே வைத்ததைப் பேத்தி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் பீரோவுக்கு முன்னால் போய் நின்று “பாப்பா” என்று கதவைத் தட்டுவாள். “பாப்பா 24ஆம் தேதி ராத்திரி வரும், மக்ளே” என்று பாட்டி ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வாள். 24ஆம் தேதி என்றால் அவளுக்கு என்ன, ஐப்பசி என்றால் என்ன? ஆனால் கதவுக்குப் பின்னால் பாப்பா இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடாது என்று தெரிவதும் ஒரு சாதனைதான். தன் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் புத்தகங்கள் எழுதிய உளவியலாளர் ழான் பியாஜே, சுமார் எட்டு மாதம் வரை குழந்தை மறைந்த பொருளைத் தேடாது என்றார். ரெனே பய்யார்ஜோன் என்ற ஆய்வாளர் 1985இல் வேறு மாதிரிச் சோதித்தார். தேடச் சொல்லாமல், நடக்க முடியாத காட்சியைக் காட்டி எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளந்தார். ஒரு பலகை, தான் மறைத்த பெட்டியையே ஊடுருவித் தடையில்லாமல் சாய்ந்து படுப்பதை ஐந்து மாதக் குழந்தைகளே கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஆக, இருப்பது இருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்பதுதான் தாமதமாகத் தெரிகிறது. மறுபடி டிலோச்சிடம் போக வேண்டியிருக்கிறது. 1987இல் அவர் ஓர் அறைக்கு அச்சு அசலாக ஒரு சின்ன மாதிரி செய்தார். சின்ன அறையில் சின்ன நாய்ப் பொம்மையைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, “பெரிய நாய் பெரிய அறையில் இதே இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடி” என்றார். மூன்று வயதுக்காரர்கள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கு முடியவில்லை. மறதி அல்ல. சின்ன நாய் எங்கே என்று கேட்டால் சரியாகக் காட்டினார்கள்.

பத்து வருடம் கழித்து ஒரு குறும்பு செய்தார்கள். பெரிய அறையையே சின்னதாக்கும் இயந்திரம் இருக்கிறது என்று இரண்டரை வயதுக் குழந்தைகளை நம்பவைத்தார்கள். இப்போது அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏனென்றால் மாதிரி என்று எதுவும் இல்லை. அதே அறைதான், சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பொருளைப் பொருளாக மட்டும் பார்க்கச் சொன்னால் குழந்தைக்குக் கஷ்டமில்லை. ஒரே பொருளை, பொருளாகவும் வேறொன்றின் அடையாளமாகவும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால்தான் திணறுகிறது. குடில் அப்படிப்பட்ட வஸ்துதான். “சாமி, தொடக்கூடாது” என்று நாம் சொல்வதில் அவளுக்குப் புரிவது ‘தொடக்கூடாது’ மட்டும்.

சரி, புரியாததையே பேசிக்கொண்டிருக்கிறோம். புரிந்ததைச் சொல்கிறேன்.

நெல் முளைத்த தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தபோது, தரையில் கிடந்த சுவிட்ச் பெட்டியைக் கால் பெருவிரலால் அழுத்திச் சீரியல் விளக்கைப் போட்டேன். (இப்போது அந்தப் பெட்டி மேஜைமேல் போய்விட்டது. திட்டுவதற்கு ஆள் இருந்தது.) மறுநாள் அவள் அதே பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை நீட்டவில்லை. கைவிரலால் அழுத்தினாள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அடுப்பைப் பற்றவைக்குமுன் பாட்டி நெற்றியிலிருந்து சிலுவை போடுவது வழக்கம். முறுக்கு சுடும் நாட்களில் இது பலமுறை நடக்கும். மூன்றாம் நாள் பேத்தி தன் பிளாஸ்டிக் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நெற்றியையும் மூக்கையும் ஒரு காதையும் தொட்டுவிட்டுச் சமைக்கத் தொடங்கினாள்.

என்னைப் பார்த்து அவள் காலால் அழுத்தவில்லை. பாட்டியைப் பார்த்து நெற்றியைத் தொடுகிறாள். ஏன்? ஹங்கேரியின் கியோர்கி கெர்கெய்யும் சகாக்களும் 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14 மாதக் குழந்தைகளுக்கு முன்னால் ஒரு பெண் நெற்றியால் முட்டி விளக்கை எரியவைக்கிறார். ஒரு குழுவுக்குக் காட்டும்போது அவருக்குக் குளிர்வதுபோல் இரண்டு கையும் போர்வையைப் பிடித்திருக்கின்றன. இன்னொரு குழுவுக்குக் காட்டும்போது கைகள் சும்மா மேஜைமேல் இருக்கின்றன. ஒரு வாரம் கழித்து, கை சும்மா இருந்ததைப் பார்த்தவர்களில் 69 சதவீதம் பேர் தாங்களும் நெற்றியால் முட்டினார்கள். போர்வையைப் பார்த்தவர்களில் 21 சதவீதம் பேர்தான் முட்டினார்கள், மற்றவர்கள் கையாலேயே வேலையை முடித்தார்கள். கை இருந்தும் நெற்றியால் செய்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, நாமும் அப்படியே செய்ய வேண்டும். கை ஒழியாததால் செய்தாள் என்றால் அது அவள் கஷ்டம், நமக்கெதற்கு? இப்படித்தான் அந்தத் தலைக்குள் ஓடியிருக்க வேண்டும். இந்த விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. கை கட்டுப்படாமல் இருந்தவரைப் பார்ப்பதில் கவனம் சிதறவில்லை, அவ்வளவுதான் என்பார்கள். எங்கள் அடுக்களையைப் பார்த்த எனக்குக் கெர்கெய் சொல்வதே சரியென்று படுகிறது. காரணம் தெரிகிற காரியத்தை அவள் தன் வழியில் செய்கிறாள். காரணம் தெரியாததை அப்படியே எடுத்துக்கொள்கிறாள். வேதபாட வகுப்புக்குப் போகும் வயது வருமுன்பே, அடுப்படியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

23ஆம் தேதி இரவு பத்தரைக்கு எங்கள் அன்பியத்துக்காரர்கள் (பங்குக் கோயிலின் சிறு குழுவினர்) கீதம் பாட வந்தார்கள். டிரம், ஆர்மோனியம், நடுவில் முகமூடியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா. அசையாத முகம், அசைகிற உடம்பு. பேத்தி அவரை ஒரு நொடி பார்த்தாள், உடனே தலையைத் திருப்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளிடம் இந்தத் திரும்பல் எவ்வளவு பலமானது என்பதை 1985இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கண்ணாடிக்கு அடியில் சுமார் 30 சென்டிமீட்டர் பள்ளம். மறுபக்கம் அம்மா. அம்மா சிரித்த முகமாக நின்றபோது ஒரு வயதுக் குழந்தைகள் 19 பேரில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. என் மகள் சிரித்தாள். பேத்தி கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் மிட்டாய் வாங்கினாள். ஆனால் கையை மட்டும்தான் நீட்டினாள், உடம்பு அம்மாவின் தோளைவிட்டு நகரவில்லை. சிரித்த முகத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை இருக்கும்போல.

விடிந்தால் பலகாரத் தட்டு. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ், கேக் எல்லாம் அடுக்கி அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. “எனக்கு இனிப்பு வேண்டாம் மக்ளே” என்று முகத்தைச் சுளித்துக்காட்டிவிட்டு, ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்து “ஆகா” என்றார். பேத்திக்கு உயிரே முந்திரிக்கொத்துதான். ஆனாலும் அடுத்து அவள் எடுத்து நீட்டியது சிப்ஸ். 1997இல் பெட்டி ரெப்பாகோலியும் அலிசன் காப்னிக்கும் பெர்க்லியில் இதையேதான் செய்துபார்த்தார்கள், பிஸ்கட்டையும் பச்சை புரோக்கோலியையும் வைத்து. ஆய்வாளர் புரோக்கோலியை ரசித்துத் தின்று காட்டினாலும் 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் புரோக்கோலியைக் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில், என் நாக்கு வேறு, உன் நாக்கு வேறு என்று பிடிபட்டுவிடுகிறது. சம்பந்தி வீடுகளில் சிலருக்கு அறுபது வயதிலும் பிடிபடாத விஷயம் இது.

சவுதியிலிருந்து வந்த மாமா கொண்டுவந்த ரிமோட் காரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது வந்த அட்டைப்பெட்டிக்குள் அவள் இரண்டு நாள் குடியிருந்தாள். பெட்டி அவள் அளவுக்குச் சரியாக இருந்தது. இந்த முறை பிழை இல்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு இரண்டே முக்கால் வயது. டார்வினின் மூத்த மகன் வில்லியம், 1839 டிசம்பர் 27 அன்று பிறந்தவன், ஏறக்குறைய அந்த வயதில்தான் கள்ளத்தனம் கற்றுக்கொண்டான். அவன் பிறந்தது முதல் எழுதிவைத்த குறிப்புகளை டார்வின் 1877இல் ‘மைண்ட்’ இதழில் கட்டுரையாக்கினார். சாப்பாட்டு அறையில் சர்க்கரை எடுத்துத் தின்றுவிட்டுக் கண்கள் பளபளக்க வெளியே வந்ததும், இரண்டு வாரம் கழித்து ஊறுகாய்ச் சாறு பட்ட மேலாடையைச் சுருட்டி மறைத்துக்கொண்டு வந்ததும் அதில் இருக்கின்றன. எங்கள் அச்சு முறுக்கு டின்னை அடுத்த வருடம் உயரத்தில் வைக்க வேண்டும். ஒட்டகத்துக்கு அதற்குள் ஆபத்து பெருமளவு நீங்கியிருக்கும்.

இந்த வருடத்தை அவள் ஞாபகம் வைத்திருக்க மாட்டாள். பெரியவர்களின் முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த வயதில் புது நரம்பணுக்கள் வேகமாக முளைத்து, பழைய இணைப்புகளைக் கலைத்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம். டொரன்டோவில் ஷீனா ஜோஸ்லினும் பால் பிராங்க்லண்டும் 2014இல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். குட்டி எலிகளில் அந்த முளைப்பைக் குறைத்தபோது அவற்றின் மறதியும் குறைந்தது. சிலுவை போடும் கை மறக்காது. யாரிடம் கற்றோம் என்பது மட்டும் போய்விடும்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் குடிலைப் பிரித்தோம். ஒவ்வொரு சுரூபமாகச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். இடையர்கள் வந்தார்கள், காது போன ஆடு வந்தது, ராஜாக்கள் மூவரும் வந்தார்கள். ஒட்டகத்தைக் காணவில்லை. சாக்கு மலையை உதறிப் பார்த்தோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். பேத்தியைக் கேட்டேன். என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீரோவுக்குப் போனாள்.

அடித்தட்டில், பாப்பா முன்பு இருந்த இடத்தில், ஒட்டகம் படுத்திருந்தது. சுற்றத் தெரியாததால் செய்தித்தாளைக் கசக்கி அதன்மேல் வைத்திருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, ஒட்டகம் இல்லாமலே பெட்டியைக் கட்டினேன்.