கல்லுக்குள் ஓட்டை வந்தது எப்படி?

திருவனந்தபுரத்தில் வீடு கட்ட வெட்டுக்கல் வாங்குவார்கள். செந்நிறக் கல். அதில் எத்தனை ஓட்டைகள்! பல காலம் பெய்த மழை, பாறையில் கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம்தான் வெட்டுக்கல்.

சுண்ணாம்புக் கல்லிலும் ஓட்டை உண்டு. அதன் கதை வேறு. வடக்கே கொல்லம் பக்கத்தில், அஷ்டமுடிக் காயல் கரையில் படப்பக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள சுண்ணாம்புக் கல்லில் சிப்பியும் பவளமும் பதிந்திருக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல். ஏறத்தாழ அதே காலத்துச் சுண்ணாம்புக் கல்தான் இலங்கையில் யாழ்ப்பாணத்தைத் தாங்கி நிற்கிறது.

பவளம் ஒரு சிறு கடல் உயிர். அது சுண்ணாம்பினால் கூடு கட்டும். கூட்டின் மேல் கூடாக, கிளை கிளையாக வளர்ந்து திட்டாகும். விறகைக் குவித்தால் நடுவே சந்து விழும் அல்லவா? பவளத் திட்டிலும் அப்படித்தான். மணலும் சிப்பித் தூளும் விழுந்து சில சந்துகள் அடைபடும். சில அடைபடாது. சிலவகைச் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் பவளத்தைக் குடைந்து குடியிருக்கும். அவை செத்தால் வீடு காலி.

பெரிய ஓட்டைகளைப் போடுவது மழைதான். சோடாவில் அடைக்கும் கரியமில வாயு காற்றிலும் மண்ணிலும் இருக்கிறது. அது மழைநீரில் கலந்தால் நீருக்கு லேசான புளிப்பு வரும். எலுமிச்சைச் சாறு பட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும். மழைநீர் அத்தனை வேகம் காட்டாது. அதற்கு அவசரமும் இல்லை. கல்லில் புதைந்த சிப்பி கரைந்து, அதன் அச்சு மட்டும் வெற்றிடமாக நிற்கும். விரிசல் வாய்க்காலாகும். வாய்க்கால் குகையாகும்.

யாழ்ப்பாணத்தில் புத்தூர் அருகே நிலாவரைக் கிணறு இருக்கிறது. இராமர் அம்பு விட்டுத் தோண்டியது என்பார்கள். அடியே இல்லை என்றும் சொல்வார்கள். அடி உண்டு, ஆழம் 50 மீட்டருக்கும் மேல். குகையின் கூரை இடிந்து உண்டான பள்ளம் அது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். இவ்வளவு ஆழத்தில் மழைநீர் எப்படிக் கல்லைக் கரைத்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. நிலத்தடி நீரும் கீழே இறங்கி ஓடியது. பிறகு கடல் ஏறி வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும் பயிருக்கும் கிணறுதான். மழைநீர் ஓட்டைகள் வழியே இறங்கி, உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. பம்பு வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். நீர் இறங்கும் அதே ஓட்டை வழியே தோட்டத்து உரமும் கக்கூஸ் குழிக் கழிவும் இறங்கும். மணல் என்றால் ஓரளவு வடிகட்டும். ஓட்டை எதை வடிகட்டும்? அங்கே பல கிணறுகளில் நைட்ரேட் என்ற உப்பு அளவுக்கு மேல் இருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அந்த நீரைக் கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. அதில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கலாம்.