ஓர் அரசருக்கு எத்தனை முகம்?



பாடசாலை விட்டு வந்த பிள்ளை, "உம்மா, இரண்டாம் இராஜசிங்க மன்னர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஹேவாஹெட்டவில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 1664இல் அவருக்கெதிராகக் கலகம் மூண்ட நில்லம்பையும், அதன்பின் அவர் அரண்மனை அமைத்து வாழ்ந்த ஹங்குராங்கெத்தையும் நமக்கு அயல் ஊர்களே.

சிங்கள மக்களுக்கு அவர் மாவீரர். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்தவர். ஆனால் அதே ஆண்டில் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தவரும் அவரே. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், அதை மன்னரிடம் ஒப்படைக்கவில்லை. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல' என்று சிங்களவர்களே இன்றும் பழமொழி சொல்கிறார்கள். நில்லம்பையில் கலகம் செய்தவர்களும் அவருடைய சொந்தக் குடிமக்கள்தான்.

ஆங்கிலேயரோ அவரை றொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் வழியாக அறிந்தார்கள். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட நொக்ஸ், 19 ஆண்டுகள் மலைநாட்டில் கைதியாக இருந்தார். தகப்பனை இந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார். 1679இல் தப்பிச் சென்ற அவர், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் மன்னரைக் கொடுங்கோலராகக் காட்டினார். அதே நொக்ஸ் பின்னாளில் கப்பல் தலைவராகி, மடகஸ்காரில் மனிதர்களை அடிமைகளாக வாங்கும் வியாபாரத்தில் ஈடுபட்டார் என்பதையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முஸ்லிம்களாகிய நமக்கு இன்னொரு நினைவு உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது அடைக்கலம் தந்தவர் இராஜசிங்கரின் தந்தை செனரத் மன்னர். அவர்களில் பலர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டார்கள். முன்னைய அரசர் ஒருவர் கண்டியில் முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் கொடுத்ததையும், காணியுள்ள ஒவ்வொரு குடியும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டுமென்று விதித்ததையும் எழுதி வைத்தவர் அதே நொக்ஸ்தான். நன்றி மறவாமை நல்ல குணம். ஆனால், அந்த நன்றிக்காக மகனின் குறைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யாரை நம்புவது? ஹதீஸ் கலை நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அறிவிப்பாளர்களை எடைபோட்ட நம் இமாம்கள், குறை சொல்பவர் யார், அவருக்கும் குறை சொல்லப்படுபவருக்கும் இடையே பகையோ போட்டியோ உண்டா என்றும் பார்த்தார்கள். அதே அளவுகோலை இங்கும் வைப்போம். மன்னரின் கடுமையைக் கைதியான நொக்ஸ் மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகிக்கலாம். அவருடைய சொந்தக் குடிமக்களே கலகத்தில் இறங்கியதால் அதற்கு வலுச் சேர்கிறது. கன்னொறுவை வெற்றியைச் சிங்களவர் மட்டுமல்ல, தோற்ற போர்த்துக்கேயரும் பதிவு செய்திருக்கிறார்கள். அதையும் மறுக்க முடியாது. ஆக, அவர் வீரர், கடுமையானவரும்கூட. இரண்டும் ஒரே மனிதரில் இருக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

சகோதரிகளே! அடுத்தவருடைய அரசரை இப்படி நிறுப்பது எளிது. நம்மவரை நிறுப்பதுதான் கடினம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு மாண்ட திப்பு சுல்தானை நாம் ஷஹீத் என்று போற்றுகிறோம். ஆனால் குடகு மக்களில் பலர் அவரை வேறுவிதமாக நினைவுகூருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமலே பொய் என்று தள்ளிவிட்டால், நம் தராசில் கோளாறு இருக்கிறது என்றே பொருள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி நம்மைத் தூண்டிவிடக் கூடாது என்பது சூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் நமக்கு இட்ட கட்டளையல்லவா?

சிங்கள, தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வாழவேண்டிய பிள்ளைகள் நம்முடையவர்கள். அரசர்களைப் பற்றி வீட்டில் கேட்கும் பேச்சிலிருந்துதான், அயலவரை எப்படி எடைபோடுவது என்பதையும் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே அடுத்த முறை பிள்ளை கேட்கும்போது, 'நல்லவர்', 'கெட்டவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். "இதை யார் சொன்னார் மகனே? மற்றத் தரப்பார் என்ன சொல்கிறார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.