தலைவிக்கு உபகாரச் சம்பளம்

மோட்டார் வண்டி ஓட்ட விரும்புகிறவருக்குப் பரீட்சை உண்டு. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறவருக்கும், நியாய ஸ்தலத்தில் கறுப்பு அங்கி தரித்து வாதாட விரும்புகிறவருக்கும் பரீட்சைகள் உண்டு. ஆனால் ஓர் ஊரின் தண்ணீரையும் விளக்கையும் வீதியையும் வரிப் பணத்தையும் ஐந்து வருஷ காலத்துக்குத் தம் பொறுப்பில் வாங்கிக் கொள்கிற பஞ்சாயத்துத் தலைவருக்கு நம் தமிழ்நாட்டில் எந்தப் பரீட்சையும் கிடையாது. ஜனங்கள் வோட்டுப் போட்டுவிட்டால் போதும். பட்டணவாசிகளான நம் நண்பர்கள் சிலர் இதை நினைத்துப் பெருமூச்சு விடுவதுண்டு. "ரொக்கக் கணக்கு இன்னதென்று தெரியாதவர்கள் எல்லாம்..." என்று ஆரம்பிப்பார்கள்.

அந்தப் பெருமூச்சில் நாம் பங்கு கொள்ளுவதற்கில்லை. காரணத்தைச் சொல்லுமுன், சில வருஷங்களுக்கு முன்னால் தென் ஜில்லா ஒன்றில் நாம் கண்ட காட்சியைச் சொல்லிவிடுகிறோம்.

புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களுக்குப் பயிற்சி நடந்து கொண்டிருந்தது. முன் வரிசைகளில் ஸ்திரீகள். சுவரோரமாக அவர்களுடைய கணவன்மார். அவர்களில் ஒருவர் வாசலிலேயே நம்மைப் பிடித்துக் கொண்டு, "நான்தான் பிரசிடெண்டு" என்று அறிமுகம் செய்து கொண்டார். பிறகு சற்றே வெட்கப்பட்டு, "அதாவது, நம்ம வீட்டிலேதான் பிரசிடெண்டு" என்று திருத்தினார். உள்ளே, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் சட்டப் பிரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக் கொண்டிருந்தார். வாசித்து முடித்து, சந்தேகம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். வெகு நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், மெலிந்த தேகமும் வெயிலில் காய்ந்த முகமும் உடைய ஓர் அம்மாள் எழுந்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்கும் நாளைக்கும் எனக்கு நடவுக் கூலி போச்சு. அதை யாருங்கய்யா தருவாங்க?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. உத்தியோகஸ்தரும் சிரித்தார். "அம்மா, அது இந்தப் பாடத்தில் இல்லை" என்றார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

இனி, பரீட்சை விஷயத்துக்கு வருவோம். படித்தவர்தாம் ஊரை ஆள வேண்டும் என்பது புது யோசனையல்ல. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல், உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் வெட்டிய விதிகளைப் பற்றிப் பெருமையோடு பேசாத தமிழர் இல்லை. குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதக் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமின்றி அவருடைய உறவினருக்கும் இடமில்லை. கணக்கைப் பற்றிய இந்தக் கண்டிப்புக்கு நாம் கைகூப்புகிறோம். ஆனால் நடவு நட்ட பெண்ணின் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒரு நாளும் விழுந்திராது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 2015-இல், ராஜஸ்தானமும் ஹரியானாவும் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்பதற்குப் பள்ளிப் படிப்பைத் தகுதியாக விதித்தன. ஹரியானாவின் விதியை அவ்வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக் கொண்டது. ராஜஸ்தானம் 2019-இல் அதை ரத்துச் செய்துவிட்டது. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கத் தவறிய சர்க்கார், பள்ளிக்குப் போகாத குற்றத்துக்காகப் பிரஜையைத் தண்டிப்பது என்ன நியாயமோ நமக்குத் தெரியவில்லை. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றி வெளியிட்ட தீர்மானத்தில், நிர்வாகம் சீர்ப்படுவதைக் காட்டிலும் ஜனங்கள் அரசியற் கல்வி பெறுவதே அவற்றின் முக்கிய நோக்கம் என்று கண்டிருந்தது. அன்னிய ராஜப்பிரதிநிதிக்கு விளங்கிய விஷயம் இது. பஞ்சாயத்தே பள்ளிக்கூடம் என்றால், வாசலில் நின்று சான்றிதழ் கேட்பானேன்?

உள்ளே வந்தவருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டியதோ ஏராளம். அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. மறு வருஷமே தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துச் சட்டம் பிறந்தது; 1996-இல் அதன்படி முதல் தேர்தல் நடந்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்கள் ஸ்திரீகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2016-இல் அது பாதியாக உயர்ந்தது. அடுப்பங்கரையிலிருந்தும் வயற்காட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நாளில் நாற்காலிக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு எதிரே முப்பது பதிவேடுகளுக்கு மேல் அடுக்கி வைக்கப்பட்டன. செக்கில் தலைவரும் உபதலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கணக்குப் பிசகினால் தணிக்கைக்காரர் வருவார். சட்டத்தின் 205-ஆவது பிரிவோ, அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்த தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் வழியைக் கலெக்டருக்குக் கொடுத்திருக்கிறது. குமாஸ்தா நீட்டிய இடத்தில் வாசிக்காமல் கையெழுத்திட்டவரும், வாசித்துத் தெரிந்தே தவறு செய்தவரும் ஒரே விசாரணையில் நிற்க நேரிடும். இதற்குப் பெயர் விளையாட்டல்ல.

சரி, எங்கே கற்றுக் கொடுப்பது? அமெரிக்கா தேசத்தில் இதற்கு ராஜபாட்டை போட்டிருக்கிறார்கள். பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலையில் ராஜ்ய, நகர நிர்வாகிகளுக்கென்று மூன்று வாரப் படிப்பு ஒன்று ஏற்படுத்தினார்கள். பணம் கட்ட இயலாதவர்களுக்கு உபகாரச் சம்பளங்களும் ஏற்பட்டன. நியூயார்க்கின் முன்னாள் மேயர் புளூம்பெர்க், 2016-இல் அதே சர்வகலாசாலைக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார். மறு வருஷம் நாற்பது மேயர்கள் அவருடைய செலவிலேயே பாடம் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மேயரோடும் அவருடைய மூத்த உத்தியோகஸ்தர் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்போம். தலைவர் மட்டும் கற்று வந்து, காரியாலயம் பழைய வழியிலேயே போய்க் கொண்டிருந்தால் கல்வியினால் என்ன லாபம்?

நம் தேசத்திலும் 2024-இல், வியாபாரக் கம்பெனிகளுக்கு நிர்வாகிகளைத் தயாரிக்கிற அமிருதசரஸ் ஐ.ஐ.எம். கலாசாலையில் பஞ்சாயத்துப் பிரதிநிதிகளுக்கு ஐந்து நாள் பயிற்சி ஒன்று ஆரம்பமாயிற்று. லட்ச ரூபாய் சம்பாதிக்கிறவர்கள் உட்கார்ந்த பெஞ்சியில் கிராமத் தலைவர் உட்காருவது கண்ணுக்கு இனிய காட்சிதான். அதைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் பொற்கோயில் நகரத்துக்கு ரயில் ஏறப் போகிறவர் யார் என்று யோசித்தால், ஏற்கெனவே நன்றாகப் பேசத் தெரிந்தவர், வீட்டுக்காரியத்தைப் பார்த்துக் கொள்ள ஆள் உள்ளவர், ஐந்து நாள் வருமானம் போனால் அடுப்பு அணையாதவர் என்றே தோன்றுகிறது. நடவு நடும் தலைவி போகமாட்டாள்.

அவளுக்கு வேண்டிய கல்வி அவளுடைய ஊருக்குப் பஸ் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். மலையாள நாட்டார் இதைக் கண்டு கொண்டார்கள். 1996 ஆகஸ்டில் அவர்கள் மக்கள் திட்ட இயக்கம் என்ற ஒன்றைத் தொடங்கி, ராஜ்யத்தின் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கு வரையில் ஸ்தல ஸ்தாபனங்களிடம் விட்டார்கள். பணத்தைக் கொடுத்ததோடு, அதைச் செலவிடும் வித்தையைக் கற்பிக்க ஒரு சேனையையே திரட்டினார்கள். ராஜ்யத்தில் சிலர் கற்று ஜில்லாவில் பலருக்குச் சொல்ல, அவர்கள் கிராமத்தில் இன்னும் பலருக்குச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற இஞ்சினீயர்கள் மதிப்பீடுகளைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். திருச்சூருக்கு அருகில் முளங்குன்னத்துக்காவில் 1990-இல் ஏற்பட்ட ‘கிலா’ என்ற பயிற்சி ஸ்தாபனம் இதில் பெரும் பங்கு கொண்டது. நம்மிடம் மட்டும் ஸ்தாபனங்கள் இல்லையா? மறைமலை நகர் இருக்கிறது; பவானிசாகர், பட்டுக்கோட்டை, தே. கல்லுப்பட்டி என்று பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கல்லுப்பட்டியில்தான் காந்தி நிகேதனமும் இருக்கிறது. கிராமப் பொருளாதாரத்தையே வேதமாகக் கொண்ட ஜே. ஸி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் அது. கட்டடத்துக்குக் குறைவில்லை. கூலிக்கு வழியில்லை, அவ்வளவுதான்!

உபகாரச் சம்பளம் என்றால் நம் மனத்தில் கப்பலேறிப் போகும் மாணவர்தாம் தோன்றுகிறார். ஏழைத் தலைவியின் விஷயத்தில் உபகாரச் சம்பளம் என்பது இரண்டு நாள் நடவுக் கூலி, பஸ் சார்ஜு, கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆயா. கிராமத் தலைவருக்கு 2023 வரையில் கிடைத்து வந்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அவ்வருஷந்தான் அது 2,000 ஆயிற்று. இந்தத் தொகையில் பயிற்சிக்காக இழந்த கூலியை ஈடுகட்டச் சொல்லுவது பரிகாசம். கூலி கிடைக்காதபோது என்ன நடக்கிறது? அம்மாள் வயலுக்குப் போகிறாள். சுவரோரத்துக் கணவர் பாடம் கேட்கிறார். பாடம் கேட்டவர் பிறகு பஞ்சாயத்தை நடத்துகிறார். சட்டம் அவளுக்குக் கொடுத்த நாற்காலியை, கூலி கொடுக்காத பயிற்சி அவருக்குக் கொடுத்து விடுகிறது.

நாற்காலியே கிடைக்காதவர்களும் உண்டு. 2020-இல் கடலூர் ஜில்லா தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தலைவி தரையில் அமர்ந்திருந்த படத்தை நாடு முழுவதும் பார்த்தது. அந்தப் பஞ்சாயத்தில் பயிற்சி யாருக்கு அவசியம், தலைவிக்கா, நாற்காலிகளில் இருந்தவர்களுக்கா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

இன்னொன்று. ஐந்து வருஷத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றுக் கொண்டவர்களை நாம் என்ன செய்கிறோம்? 2025 ஜனவரியில் 28 ஜில்லாக்களில் கிராமத் தலைவர்களின் பதவிக் காலம் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தி முடிக்கவில்லை. தனி அதிகாரிகள் நியமனமானார்கள். ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தலைவர்கள் கற்றதையெல்லாம் மடியில் கட்டிக் கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்து வருகிறவர்களுக்குப் பாடம் சொல்ல இவர்களில் நூறு பேரையாவது ஒவ்வொரு ஜில்லாவிலும் ஏன் அமர்த்தக் கூடாது? சட்டப் பிரிவை வாசிக்கிற உத்தியோகஸ்தரைவிட, மோட்டார் பம்பு கெட்ட ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லித் தருகிற முன்னாள் தலைவி மேலான உபாத்தியாயர் என்பது நம் அபிப்பிராயம்.

அன்று மாலை பயிற்சி முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். கூலி கேட்ட அம்மாள் மட்டும் உத்தியோகஸ்தரின் மேஜையருகே நின்று, ரொக்கப் புத்தகத்தில் வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று விரலை வைத்துக் கேட்டுக் கொண்டிருந்தாள். பகலில் சிரித்த அவர், இப்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக் கொண்டாள். "நாளைக்கும் வருவாயா அம்மா?" என்று கேட்டார்.

"நாத்து முத்திப் போகுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, ஆறரை மணிப் பஸ்ஸைப் பிடிக்க அந்த அம்மாள் ஓடினாள்.