மறைக்க வேண்டாம், மருந்து உண்டு

முதுகு வலி, சளி என்றால் தோட்டத்துப் பெண்கள் தாராளமாகப் பேசுவார்கள். 'கீழே புண்' என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் எதைப் பேசுவது? பீலியடிக்குப் போவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம்.

சின்னக் கொப்புளங்கள், அவை உடைந்து புண், சிறுநீர் கழிக்கும்போது உயிர் போகும் எரிவு, காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி. இவை பிறப்புறுப்பு ஹேர்பீஸின் அடையாளங்களாக இருக்கலாம். உடம்பில் பட்டையாக வரும் அக்கிக்குக் காரணமான கிருமி இதன் உறவுக் கிருமிதான். ஆனால் இரண்டும் ஒரே நோயல்ல.

இந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாது. முதுகெலும்பின் அடிப்பக்க நரம்புகளில் ஒளிந்திருந்து, களைப்பிலும் காய்ச்சலிலும் மறுபடி தலைகாட்டும். பலருக்கு வருடக்கணக்கில் ஓர் அடையாளமும் இராது. ஆகவே, இன்று புண் வந்தால் நேற்றுத் தொற்றியது என்று பொருளில்லை. கொழும்பிலிருந்து வந்த கணவனையோ, வீட்டிலிருந்த மனைவியையோ உடனே சந்தேகிப்பது அநியாயம். எத்தனை குடும்பங்கள் இதனால் உடைகின்றன! 2020இல் உலகில் 15 முதல் 49 வயது வரையானோரில் 84 கோடிக்கு மேற்பட்டோருக்கு இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

அசைக்ளோவிர் மாத்திரையை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் புண் விரைவாக ஆறும். அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் உட்கொள்ளும் முறையும் உண்டு. அளவை வைத்தியரே சொல்லவேண்டும். தைலம், சுண்ணாம்பு பூசாதீர்கள், எரிவுதான் கூடும். இளஞ்சூட்டு நீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்தால் எரிவு குறையும். தளர்வான பருத்தி உள்ளாடை நல்லது. புண் முற்றாக ஆறும்வரை உறவைத் தவிருங்கள். மற்ற நாட்களில் ஆணுறை தொற்றைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. மலசலகூடத்தாலோ உடுப்பாலோ இது பரவுவதில்லை.

பதுளை பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது. பசறையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ இறங்கினால் ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மைதான். புண்ணோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள். சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனையையும் அங்கேயே செய்துகொள்ளலாம். கணவரையும் அழைத்துப் போவது நல்லது.

கர்ப்பிணிகள் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து. பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பழைய நோயுள்ள பெரும்பாலானோர் சுகமாகவே பிரசவிக்கிறார்கள், ஆனால் மருத்துவமாதுவுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். கிளினிக் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.